இடது தோள் அளவு

ஆமா அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன். மகளைப் பாக்க. ஒரே மக. ஆவுடைச்செல்வின்னு பேரு, பத்து வயசு. இருபத்தாறு நாளா அங்கதான் கெடக்கா. அவ அம்மா கூட இருக்கா. நான் கடையைப் பாத்துக்கிடுதேன். தீபாவளி வருதுல்லா, டெய்லர் கடையைப் பூட்டிப் போட முடியுமா? சொன்ன தேதிக்குத் துணி குடுக்கலைன்னா அடுத்த வருசம் ஒருத்தன் படி ஏற மாட்டான்.

என்ன சீக்குன்னு கேக்கீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்காங்க. கட்டி. முதுகுல, இடது தோளுக்குக் கீழ. அவ்வளவுதான். கட்டி இல்லாத மனுசன் யாரு இருக்கான், நீங்களே சொல்லுங்க.

பஸ்ஸு இன்னும் பனவடலியே வரல. திருநெல்வேலி போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். நீங்களும் பேப்பரை மடிச்சு வச்சிட்டீங்க. அதனால முதல்லருந்து சொல்லுதேன், கேளுங்க. சங்கரன்கோவில்ல போயி கேட்டா இந்த நாயகம் டெய்லரைப் பத்தி இப்ப வேற மாதிரி சொல்லுவாங்க. பெத்த பிள்ளையக் கவனிக்காதவன்னு சொல்லுவாங்க. என் சம்சாரத்தோட தம்பி திரவியம் ஒருத்தன் இருக்கான், அவன் சொல்லிக்கிட்டு அலையுதான். நான் கவனிச்ச மாதிரி ஒரு தகப்பன் கவனிச்சிருக்க மாட்டான். அதைத்தான் சொல்ல வாரேன்.

பிள்ள பிறக்கும்போதே அது இருந்துச்சு. கட்டியா இல்ல, கறையா. காப்பி சிந்தின மாதிரி உள்ளங்கை அகலத்துக்கு ஒண்ணு. வயித்துலயும் தொடையிலயும் சின்னச் சின்னதா ஏழெட்டு. என் சம்சாரம் மாரித்தங்கம் அன்னைக்கே கேட்டா, இது என்ன இப்படி இருக்குன்னு. அதிர்ஷ்ட மச்சம்ட்டி, பொம்பளப்பிள்ளைக்கு முதுகுல மச்சம் இருந்தா நல்லதுன்னு நான்தான் சொல்லி வச்சேன். பெத்துப் போட்டுப் படுத்திருக்கிறவகிட்ட வேற என்னத்தச் சொல்ல?

ஆனா எனக்கு மனசுக்குள்ள தெரியும். மாரித்தங்கம் ஏழு மாசம் முழுகாம இருக்கும்போது ஒரு சூரிய கிரகணம் வந்துச்சு. அன்னைக்குக் கத்தி, அருவாமணை ஒண்ணையும் தொடக்கூடாது, வெளிய தலை காட்டக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுத்தான் கடைக்குப் போனேன். மத்தியானம் வந்து பாத்தா தட்டுல கத்திரிக்கா நறுக்கி இருக்கு. கேட்டா, அது கிரகணம் பிடிக்கிறதுக்கு முன்னாலயே நறுக்கினதுங்கா. அவ சொன்னதை நான் அன்னைக்கு நம்பல. அதுக்கப்புறமும் நம்பல. எத்தனையோ தடவை கேட்டுப் பாத்துட்டேன். சண்டைக்காகக் கேக்கல, அண்ணாச்சி. உண்மையைச் சொல்லிட்டா மனசு ஆறிரும்னு கேட்டேன்.

நாலு வயசுல அந்தக் கறை மேல லேசா உப்ப ஆரம்பிச்சுச்சு. அழுத்துனா பஞ்சு மாதிரி உள்ள போகும், விட்டா வந்திரும். வலி கெடையாது. பாலர் பள்ளிக்குப் பாவாடை சட்டை தைக்க அளவெடுக்கும்போது எனக்குத்தான் முதல்ல தெரிஞ்சுது. முதுகு அகலத்துல இடது பக்கம் கால் இஞ்சு கூட நிக்கி. டேப்பு பொய் சொல்லாது. ரெண்டு தடவை வச்சுப் பாத்தேன். அப்புறம் இடது பக்கம் ஒரு மடிப்பு வச்சுத் தச்சேன். போட்டா ஒண்ணும் தெரியல. மாரித்தங்கமே திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, எங்க அந்தக் கட்டின்னு கேட்டா.

அது ஒரு சாமர்த்தியம். எங்க கடையில கூனு விழுந்த பெரியவங்க வந்தாக் கூட என்கிட்டதான் குடுப்பாங்க. உடம்புல இருக்கிற குறையைத் துணி காட்டிக் குடுக்கக்கூடாது. பிள்ளைக்கு அஞ்சு வயசு, ஆறு வயசு, ஏழு வயசுன்னு ஒவ்வொரு வருசமும் நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். தோளுக்குக் கீழ சுருக்கு வச்சேன். உள்ள கனமா லைனிங் குடுத்தேன். வலது பக்கம் உள்ள பஞ்சு வச்சு, பாக்க ரெண்டையும் சமமாக்கினேன். பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சர், ஒரு பிள்ள கண்டுபிடிச்சது கெடையாது. நல்லா சதை பிடிச்ச பிள்ளைன்னுதான் நினைச்சாங்க. பிள்ளைகிட்டயும் சொல்லி வச்சிருந்தேன். யாரு முன்னாலயும் சட்டையைக் கழத்தக்கூடாது, முதுகைத் தொட விடக்கூடாதுன்னு. நாளைக்கு ஒரு இடத்துல கட்டிக் குடுக்க வேண்டிய பிள்ள. பேச்சு கிளம்பிட்டா அப்புறம் அடக்க முடியுமா?

வைத்தியம் பாக்கலையான்னு கேப்பீங்க. பாத்தேனே. கோயில்ல இருந்து புத்து மண்ணு எடுத்துட்டு வந்து மாரித்தங்கம் தினம் குழைச்சுப் பூசுவா. குளுகுளுன்னு இருக்கும்மான்னு பிள்ள சொல்லும். பச்சிலை வைத்தியர் ஒருத்தர் என்னத்தையோ அரைச்சுக் கட்டினாரு. தோலு வெந்து கொப்பளம் போட்டதும் நானே அவுத்துப் போட்டுட்டேன். ஆறு வயசுல எங்க ஊரு டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போனோம். அவரு ரொம்ப நேரம் தடவிப் பாத்தாரு. பிள்ளையோட கால்ல, வயித்துல இருக்கிற கறையை எல்லாம் எண்ணினாரு. இதை இங்க வச்சுப் பாக்க முடியாது, திருநெல்வேலிக்குக் கொண்டு போங்கன்னு லெட்டர் எழுதிக் குடுத்தாரு. அது ஆவணி மாசம். முகூர்த்த சீசன். ஜாக்கெட்டுத் துணி ஆள் உயரத்துக்குக் கெடக்கு. ஐப்பசியில போவோம்னு சொன்னேன். ஐப்பசியில தீபாவளி வந்துட்டு. அப்புறம் தை பிறக்கட்டும்னு சொன்னேன். மாரித்தங்கம் சும்மா சும்மா அந்த லெட்டரை எடுத்துக் காட்டுவா. ஒரு நாள் கோவத்துல வாங்கிக் கிழிச்சுப் போட்டேன். கிழிச்சது தப்புதான். ஆனா அவ அதைக் காட்டுற மாதிரி காட்டினா யாருக்கும் கோவம் வரும்.

இதுல நான் ஒண்ணைத் தெரிஞ்சுக்கிட விரும்பினேன், அண்ணாச்சி. இது எங்க இருந்து வந்துச்சுன்னு. கிரகணம் ஒரு காரணம். அது போக, அவங்க வழியில யாருக்காவது இருந்திருக்கணும், மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாங்கன்னு ஒரு சந்தேகம். மூணு வருசம் முன்னால கழுகுமலையில திரவியம் வீடு கட்டிப் பால் காய்ச்சினான். சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் உக்காந்திருக்கும்போது, நான் நேராவே கேட்டுட்டேன். உங்க பக்கத்துல யாருக்காவது இப்படிக் கட்டி உண்டா, இருந்தா மறைக்காமச் சொல்லுங்கன்னு. மாரித்தங்கம் எந்திரிச்சு உள்ள போயிட்டா. மாமியா சாமி படத்துக்கு முன்னால போயிச் சத்தியம் பண்ணுதாங்க. திரவியம் இருக்கானே, அவன் எல்லார் முன்னாலயும் சட்டையைக் கழத்தினான். பனியனையும் கழத்தினான். கையைத் தூக்கிக்கிட்டு ஒரு சுத்து சுத்தினான். "நல்லாப் பாருங்க மச்சான்"ன்னான்.

ஒண்ணும் இல்ல. ஒரு மருவு கூட இல்ல. வழுவழுன்னு இருந்துச்சு முதுகு.

நீங்களும் கழத்துங்கன்னு அவன் கேக்கல. அப்ப அவன் நல்ல பையன்.

கேட்டிருந்தாலும் கழத்தியிருக்க மாட்டேன். சபையில சட்டையக் கழத்துறது ஒரு மரியாதையா? நான் வீட்டுலயே பனியனோடதான் குளிப்பேன். சின்ன வயசுலருந்து அப்படித்தான் பழக்கம். எங்க அம்மா அப்படி வளத்தாங்க. எனக்கும் உடம்புல அங்கன இங்கன கட்டி உண்டு, இல்லேன்னு சொல்லல. முதுகுல கொஞ்சம், வயித்துல கொஞ்சம், சுண்டைக்கா அளவுக்கு. அது கொழுப்புக் கட்டி. கொழுப்புக் கட்டி வேற, இது வேற. கறை கூட ரெண்டு மூணு இருக்கு, அது வேர்வையில வந்தது. எங்க அப்பாவுக்குத் தொடையில தேங்கா அளவுக்கு ஒண்ணு இருந்துச்சு. வேட்டியை இறக்கிக் கட்டிக்கிடுவாரு, யாருக்கும் தெரியாது. நாப்பத்து நாலு வயசுல செத்துப் போனாரு. அதுல இல்ல, காய்ச்சல்ல. கடைசி மூணு மாசம் காய்ச்சலும் இருமலுமா கெடந்தாரு. எனக்கு இப்ப நாப்பத்தொண்ணு. இடுப்புக்கு மேல ஒண்ணு மட்டும் பங்குனியில இருந்து கொஞ்சம் கல்லு மாதிரி ஆயிட்டு. குனிஞ்சே உக்காந்து தைக்கிறவனுக்கு அப்படி ஆகத்தான் செய்யும்.

அதை விடுங்க. பிள்ள கதைக்கு வாரேன்.

இந்த வருசம் அஞ்சாப்பு. பள்ளிக்கூடம் திறக்கும்போது புது யூனிபாரம், நீலக் கலரு பினஃபாரும் வெள்ளைச் சட்டையும். வளருற பிள்ளைன்னு ஒண்ணரை இஞ்சு தாராளமா விட்டுத் தச்சேன். ஒரு வருசம் தாராளமா வரணும். ஜூலை கடைசியிலயே இடது பக்கம் இறுக்கமாயிட்டு. வலது பக்கம் அப்படியே தொளதொளன்னு கெடக்கு. முதல்ல, துவைச்சதுல துணி சுருங்கிட்டுன்னு நினைச்சேன். ஒரு பக்கம் மட்டும் எந்தத் துணி சுருங்கும்? அது எனக்குத் தெரியாதா?

தையலைப் பிரிச்சு அரை இஞ்சு விட்டேன். மூணு வாரத்துல திரும்பவும் இறுக்கம். இப்ப பஞ்சு மாதிரி இல்ல. விரலை வச்சா விரலைத் தள்ளுது. மேல தோலு பளபளன்னு இழுத்துப் பிடிச்ச மாதிரி இருக்கு. தொட்டா சுடுது. புத்தகப் பையை இடது தோள்ல மாட்ட மாட்டேங்கா. நான் பை வாருக்கு உள்ள ஸ்பாஞ்சு வச்சுத் தச்சுக் குடுத்தேன். அப்பவும் வலது தோள்லதான் போடுதா. சாப்பிடும்போது இடது கையை மடியில போட்டே வச்சிருப்பா. வலிக்குதாட்டின்னு கேட்டா, இல்லப்பான்னுதான் சொல்லுவா. அழ மாட்டா. அப்படி ஒரு அமைதியான பிள்ள.

ஆகஸ்டுல ஒரு நாள் மாரித்தங்கம், "இன்னைக்கு என் முன்னால அளவெடுங்க அத்தான், எவ்வளவு கூடியிருக்குன்னு எனக்குத் தெரியணும்"ன்னா. பிள்ளையை நிறுத்தி டேப்பை வச்சேன். ஜூன் மாசம் எடுத்த அளவைவிட ரெண்டேகால் இஞ்சு கூட இருக்கு. ரெண்டேகால் இஞ்சு. ஒரு பத்து வயசுப் பிள்ளையோட முதுகுல. டேப்பை விரலால நகத்திப் பிடிச்சுக்கிட்டு, அரை இஞ்சுதான் கூடியிருக்குன்னு சொன்னேன்.

இருபத்திரெண்டு வருசத் தொழில்ல அளவை மாத்திச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அவ பயப்படுவாளேன்னு சொன்னேன். பிள்ள என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அதுக்கு டேப்பு பாக்கத் தெரியும். நான்தான் சொல்லிக் குடுத்திருந்தேன். சட்டையை எடுத்துப் போட்டுக்கிட்டுப் போயிட்டு.

செப்டம்பர் கடைசியில பள்ளிக்கூடத்துல விளையாட்டு விழாவுக்குப் பயிற்சி குடுத்தாங்க. எல்லாப் பிள்ளைகளும் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி வளையத்தைப் பிடிக்கணும். இவளால இடது கையைத் தோளுக்கு மேல தூக்க முடியல. ரெஜினா டீச்சர்னு பி.டி. டீச்சர். சோம்பேறித்தனம்னு நினைச்சு முதல்ல அதட்டியிருக்காங்க. அப்புறம் கையைப் பிடிச்சுத் தூக்கிவிட்டிருக்காங்க. பிள்ள சத்தம் போடாம அப்படியே மயங்கி விழுந்துட்டு. ரூமுக்குள்ள தூக்கிட்டுப் போயிப் பினஃபாரைக் கழத்திப் பாத்திருக்காங்க.

அந்த டீச்சர் எனக்குச் சொல்லலாம்ல? என் கடை பள்ளிக்கூடத்துல இருந்து நாலு எட்டு. மாரித்தங்கத்துக்குத்தான் போன் போட்டாங்க. பிள்ள கேட்டுக்கிட்டதாம், அம்மாவை மட்டும் கூப்பிடுங்கன்னு. மாரித்தங்கம் போயி பிள்ளையைக் கூட்டிக்கிட்டு, டீச்சரும் துணைக்கு வர, அப்படியே பஸ் ஏறிட்டா. இதே பஸ்ஸுதான். வீட்டுச் சாவியைப் பக்கத்து டீக்கடையில குடுத்திருக்கா. நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து கதவுக்கு முன்னால நிக்கேன். டீக்கடைக்காரர் சாவியை நீட்டிக்கிட்டு, "பிள்ளைக்கு ரொம்ப முடியலையாமே"ங்காரு. ஊருக்கே தெரிஞ்சிட்டு. ஆறு வருசமா நான் காப்பாத்தி வச்ச விசயம் ஒரே நாள்ல போச்சு.

நாலு நாள் நான் போகல. கோவம். எனக்குச் சொல்லாமப் போனவ எனக்குச் சொல்லாமத் திரும்பி வரட்டும்னு இருந்துட்டேன். அஞ்சாம் நாள் போன் வந்துச்சு, டாக்டர் அப்பாவைப் பாக்கணும்னு சொல்லுதாங்கன்னு. போனேன்.

லேடி டாக்டர், அண்ணாச்சி. முப்பத்தஞ்சு வயசுக்கு மேல இருக்காது. மரியாதையாத்தான் பேசினாங்க. பிள்ள கட்டில்ல குப்புறப் படுத்திருக்கு. மாரித்தங்கம் பக்கத்துல நிக்கா. கட்டியில இருந்து ஊசி வச்சுச் சதை எடுத்து அனுப்பியிருக்கோம், முடிவு வரட்டும்னாங்க. அப்புறம், இது குடும்பத்துல வரக்கூடியது, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தா பிள்ளைக்கு வரலாம், சில பேருக்கு யாருக்கும் இல்லாமலும் வரும், கிரகணத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, யாரு செஞ்ச தப்பும் இல்லன்னாங்க. கிரகணக் கதையை மாரித்தங்கம் சொல்லியிருக்கா போல. அப்படியா, அப்ப இவங்க அம்மாவை, தம்பியை எல்லாம் பாருங்கன்னு நான் சொன்னேன். பாத்தாச்சு, எல்லாரும் வந்து காட்டிட்டுப் போயிட்டாங்க, யாருக்கும் இல்லன்னாங்க.

"நீங்க மட்டும்தான் பாக்கி. சட்டையைக் கழத்துங்க, ஒரு நிமிசம் பாத்துருதேன்."

எனக்கு ஒண்ணும் இல்ல, நான் தைக்கிறவன், நல்லாத்தான் இருக்கேன், சீக்கு பிள்ளைக்கு, பிள்ளையைப் பாருங்கன்னு சொன்னேன். சத்தமாவே சொல்லிட்டேன் போல. பக்கத்துக் கட்டில்காரங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. டாக்டர் சத்தம் போடல.

அப்ப பிள்ள தலையைத் திருப்பிப் பேசிச்சு. மெதுவா. "அப்பாவுக்கும் இருக்கு டாக்டர். இதே கலர்ல முதுகுல பெருசா ஒண்ணு இருக்கு. சின்னச் சின்னதா நிறைய கட்டி இருக்கு. நான் சின்னப்பிள்ளையா இருக்கும்போது அப்பா பனியன் மாத்தும்போது பாத்தேன். யாருக்கும் சொல்லல."

ஏன் சொல்லலன்னு டாக்டர் கேட்டாங்க.

"அப்பா மறைச்சுத்தான வச்சிருக்காங்க. வலிக்குதுன்னு ஒரு நாளும் சொன்னதே இல்ல. அதான் நானும் சொல்லல."

டாக்டர் குனிஞ்சு, எத்தனை நாளா வலிக்குதுன்னு கேட்டாங்க. மூணாப்புல இருந்துன்னு சொன்னா. ரெண்டு வருசம், அண்ணாச்சி. ரெண்டு வருசமா வலிச்சிருக்கு. நான் டேப்பை வச்சு அழுத்தி அழுத்தி அளவெடுத்துக்கிட்டு இருந்திருக்கேன். அது பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னிருக்கு.

நான் வெளிய வந்துட்டேன். சட்டையைக் கழத்தல. வராந்தாவுல போயி நின்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மாரித்தங்கம் வந்தா. திட்டுவான்னு நினைச்சேன். திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை சொல்லி, அது ஒரு சண்டையாப் போயிருக்கும். அவ திட்டல. பன்னெண்டு வருசமாச்சு எங்களுக்குக் கல்யாணமாகி, அவளும் நான் சட்டையில்லாம இருந்து வெளிச்சத்துல பாத்ததில்ல. சுவத்துல சாஞ்சுக்கிட்டு நின்னா.

"பத்து வருசமா நான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன் அத்தான். அந்தக் கத்திரிக்காயக் கிரகணத்துக்கு முன்னால நறுக்கினேனா, பின்னால நறுக்கினேனான்னு. நீங்க கேட்டுக் கேட்டு எனக்கே மறந்து போச்சு. எம் பிள்ளையை நான்தான் இப்படி ஆக்கிட்டேன்னு நினைச்சுக்கிட்டேதான் அவளுக்கு ஒவ்வொரு நாளும் தலை சீவி விட்டேன்."

அதைச் சொல்லிட்டு உள்ள போயிட்டா.

நான் என்ன செய்ய? எனக்கு மட்டும் தெரியுமா? வேணும்னு குடுத்தேனா? யாரு செஞ்ச தப்பும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாங்களே. அதை நீங்க மனசுல வச்சுக்கிடணும். யாரு செஞ்ச தப்பும் இல்ல. அன்னைக்குச் சாயந்திர பஸ்ஸுக்கே ஊருக்கு வந்துட்டேன்.

தேவர்குளம் தாண்டிட்டோமா? சரி.

பத்து நாள் கழிச்சு முடிவு வந்துச்சு. திரவியம் போன்ல படிச்சுச் சொன்னான். கட்டியோட குணம் மாறிட்டு, சாதாரணக் கட்டி இல்ல இப்ப, கெட்ட கட்டி, உடனே எடுக்கணும், சுத்தியிருக்கிற சதையோட எடுக்கணும், கை தூக்க வருமா வராதான்னு சொல்ல முடியாதுன்னு. நெஞ்சைப் படம் எடுத்ததுல நுரையீரல்ல ரெண்டு சின்னப் புள்ளி தெரியுதாம். அது என்னன்னு இப்ப சொல்ல முடியாதாம், மூணு மாசம் கழிச்சுத் திரும்பவும் எடுத்துப் பாக்கணுமாம். எல்லாத்தையும் சொல்லிட்டு, "ஆறு வயசுல அந்த டாக்டர் சொன்னப்பவே வந்திருந்தா வருசா வருசம் பாத்துக்கிட்டு இருந்திருப்பாங்களாம் மச்சான், மாறும்போதே பிடிச்சிருக்கலாமாம்"ன்னு சொன்னான். எல்லா டாக்டரும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னு போனை வச்சிட்டேன்.

புள்ளி. ரெண்டு புள்ளின்னா என்ன அளவு இருக்கும்? கேட்டிருக்கணும். எங்க அப்பா இருமினாருன்னு சொன்னேன்லா. அது காய்ச்சல்.

ஆபரேசன் போன செவ்வாக்கிழமை. அன்னைக்கு நான் கடையிலதான் இருந்தேன். போகணும்னுதான் கிளம்பினேன். சட்டை போட்டு, தலை சீவி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டேன். பஸ்ஸும் நின்னுச்சு. அப்புறம் கடைக்குத் திரும்பி வந்து ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, பிள்ளைக்குச் சட்டை தச்சேன். கட்டுப் போட்டிருக்கும்லா, தலை வழியா மாட்ட முடியாது. அதனால இடது தோள்லருந்து இடுப்பு வரைக்கும் திறக்கிற மாதிரி, பட்டன் வைக்காம நாடா வச்சு, நாலு சட்டை. வெள்ளைக் காட்டன். இந்தப் பையில இருக்கு. அளவு எடுக்காமத் தச்சேன். இடது பக்கம் இனிமே எவ்வளவு இருக்கும்னு எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவை கத்திரி வைக்கும்போதும் கூட்டி வெட்டவா, குறைச்சு வெட்டவான்னு நிப்பேன். கடைசியில ரெண்டு பக்கமும் ஒரே அளவா வெட்டினேன். நாலு வயசுக்குப் பொறவு எம் பிள்ளைக்கு அப்படி வெட்டினது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் ரெண்டு மணிக்கு மாரித்தங்கம் போன் பண்ணினா. ஆறு மணி நேரம் ஆச்சாம். கட்டியை எடுத்தாச்சு, கையை எடுக்கல, ஆனா தூக்க முடியாது, பிழைச்சுக்கிட்டா. அவ்வளவுதான் சொன்னா. நீங்க எங்க இருக்கீங்கன்னு கேக்கல. கேட்டிருந்தா ஏதாவது சொல்லியிருப்பேன்.

இன்னைக்குக் காலையில திரும்பவும் அவ நம்பர்ல இருந்து போன். எடுத்தா பிள்ள பேசுது. குரலு கம்மிப் போயி இருக்கு. சாப்பிட்டீங்களான்னு கேட்டுச்சு. கடையில கூட்டமான்னு கேட்டுச்சு. நான்தான் ஒண்ணும் கேக்கல. அப்புறம், "அப்பா, இங்க வாங்க. உங்களுக்கும் எடுத்திருவாங்க. மயக்க மருந்து குடுத்துதான் செய்வாங்க, ஒண்ணும் தெரியாது. எழுந்த பொறவுதான் கொஞ்சம் வலிக்கும். நான் கூட இருக்கேன்"னு சொல்லுது.

சரிட்டின்னு சொன்னேன். டாக்டர் உங்களை வரச் சொல்லிட்டே இருக்காங்கப்பான்னு சொல்லுச்சு. சரிட்டி, வாரேன்னு சொன்னேன். அப்படித்தான் இந்த பஸ்ஸுல ஏறினேன்.

மானூரா இது? அப்ப இன்னும் அரை மணி நேரந்தான். முந்தா நாளும் இதே பஸ்ஸுல வந்தேன், அண்ணாச்சி. இந்தப் பையோடதான். திருநெல்வேலிக்குள்ள நுழையுறதுக்கு முந்தியே ஆஸ்பத்திரி ஸ்டாப்பு வந்திரும். கண்டக்டர் சத்தம் குடுத்தாரு. பத்துப் பேரு இறங்கினாங்க. நான் இந்த ஜன்னல் வழியா அந்தக் கட்டடத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன். பஸ் எடுத்துட்டு. கடைசி ஸ்டாப்புல இறங்கி, நூல்கண்டு வாங்கிக்கிட்டு, அடுத்த பஸ்ஸுல ஊருக்கு வந்துட்டேன். கடையில நூலு நிறையக் கெடக்கு.

இன்னைக்கும் டிக்கெட்டைக் கடைசி ஸ்டாப்புக்குத்தான் எடுத்திருக்கேன். ஏன் அப்படிக் கேட்டேன்னு தெரியல, வாயில அதுதான் வந்துச்சு. நீங்க ஆஸ்பத்திரியிலதான இறங்குதீங்க? ஏறும்போது கண்டக்டர்கிட்ட நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு. நல்லதாப் போச்சு.

ஒரு உதவி செய்யுங்க, அண்ணாச்சி. இந்தப் பையை நீங்க வாங்கிக்கிடுங்க. கனமில்ல, நாலு சட்டைதான். ஸ்டாப்பு வந்ததும் நீங்க எந்திரிச்சு முன்னால நடங்க, திரும்பிப் பாக்காண்டாம். பை உங்க கையில இருந்தா நான் பின்னால வந்துதான ஆகணும்.